எங்கே மாட்டுவது?

இரும்புக் கட்டட வேலைக்கு மேலே ஏறுகிறவர்கள் இன்று பெல்ட் இல்லாமல் வருவதில்லை. முதுகில் வளையம், இரண்டு கொக்கி, ஷாக் அப்சார்பர் என்று முழு ஹார்னஸ் போட்டிருக்கிறார்கள். பெரிய கம்பெனிகளில் கேட்டிலேயே அதைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். ஆனால் தூணின் உச்சியில் ராஃப்டர் வந்து உட்காரும் நேரத்தில் பையன் ஒருவன் கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, எங்க மாட்டறது?" என்று குரல் கொடுப்பான். அந்தக் கேள்வி மேலே இருந்து வந்தால், கீழே யாரோ தன் வேலையைச் செய்யாமல் விட்டிருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

நான் பாண்டிப் பக்கம் நோணாங்குப்பத்துக்காரன். சுண்ணாம்பாற்றுப் படகுத்துறை இருக்கும் ஊர். ஷெட் எழுப்புவதும் கூரை மாற்றுவதும் என் தொழில். மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளிலிருந்து தெற்கே கடலூர் வரை வேலை இருக்கும். இத்தனை இடங்களிலும் ஒரே பழக்கத்தைப் பார்க்கிறேன். இடம் சொல்லித் தராவிட்டால், ஆள் கைக்கு எட்டியதில் மாட்டுவான். எட்டுவது பெரும்பாலும் பர்லின். அந்த இசட் பர்லின் சுமார் 2 மில்லிமீட்டர் தகட்டை வளைத்துச் செய்தது. கூரைத் தகட்டின் எடையையும் காற்றையும் தாங்கக் கணக்குப் போட்டது. ஓர் ஆள் விழும்போது வரும் வெட்டு இழுப்பு அதன் கணக்கிலேயே கிடையாது. சேக் ராடு, கேபிள் தட்டு, தீயணைப்புக் குழாய், இன்னும் போல்ட் முழுதாக ஏறாத பீம் எல்லாம் அதே வகைதான். பிடிப்பது போலத் தோன்றும், பிடிக்காது.

அந்த இழுப்பு எவ்வளவு என்று கீழே சாக்பீஸால் எழுதிக் காட்டுவது என் வழக்கம். கருவிப்பையோடு சேர்த்து ஆள் 100 கிலோ. 2 மீட்டர் விழுந்தால் மணிக்கு 22 கிலோமீட்டருக்கு மேல் வேகம் வந்துவிடும். அதை வெறும் கயிறு 10 சென்டிமீட்டரில் நிறுத்தினால், அந்தப் பத்து சென்டிமீட்டர் முழுக்க ஏறக்குறைய 2 டன் இழுக்கும். முதுகெலும்பு தாங்காது. ஷாக் அப்சார்பர் தையல் பிரிந்து ஒரு மீட்டர் நீண்டுகொடுத்தால் சராசரி இழுப்பு 300 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். உச்சகட்ட இழுப்பு 6 கிலோநியூட்டன், அதாவது சுமார் 600 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய அளவுகோல். கொக்கி மாட்டும் இடமான ஆங்கருக்கு அமெரிக்க விதி இன்னும் கடுமை: ஓர் ஆளுக்கு 5,000 பவுண்டு, நம் கணக்கில் 2,200 கிலோவுக்கு மேல். இல்லையென்றால் தகுதியுள்ள பொறியாளர் கணக்குப் போட்டு, வரக்கூடிய இழுப்பைப் போல இரண்டு பங்கு தாங்கும்படி அமைக்க வேண்டும். ஓர் ஆளுக்கு இரண்டு டன்னா என்று மலைக்கிற மேஸ்திரிகள் உண்டு. சாக்பீஸ் கணக்கைப் பார்த்தபின் மலைப்பதில்லை.

பலம் ஒரு பாதி, உயரம் மறு பாதி. இந்த இரண்டாவதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் மெஸனைன் தளத்துக்கு பீம் கோக்கிறோம் என்று வையுங்கள். கயிறு 1.8 மீட்டர். கொக்கியைக் காலடி பீமிலேயே மாட்டியிருக்கிறான். தவறி விழுந்தால் முதுகு வளையம் பீமுக்குக் கீழே 1.8 மீட்டர் போன பிறகுதான் கயிறு விறைக்கும். அப்சார்பர் பிரிய இன்னொரு மீட்டருக்கு மேல். வளையத்துக்குக் கீழே அவன் உடம்பே ஒன்றரை மீட்டர். கூட்டிப் பார்த்தால் 4 மீட்டரைத் தாண்டிவிடும். பெல்ட் நல்லது, பீம் நல்லது, கொக்கி பூட்டியிருக்கிறது, ஆனாலும் கால் தரையில் அடித்துவிடும். போதாததற்கு, காலடியில் மாட்டினால் 3 மீட்டருக்கு மேல் தடையில்லாத விழுகை. எல்லா அப்சார்பரும் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல. அதே பீமில், தலைக்கு மேல் தூணின் நீட்சியில் ஓர் ஆங்கர் இருந்து, அதில் மாட்டியிருந்தால் விழும் தூரம் வெகுவாகக் குறைந்துவிடும். பக்கவாட்டில் தள்ளி மாட்டினாலும் ஆபத்து இருக்கிறது. விழுகிறவன் ஊசலாடிப் போய்த் தூணில் மோதுவான்.

கொக்கியை மாட்டிக்கொண்டு நடக்கக் குறுக்கே கட்டும் லைஃப்லைன் கம்பிவடத்தைப் பற்றி ஒரு பிடிவாதமான நம்பிக்கை உண்டு: எவ்வளவு விறைப்பாகக் கட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்று. டர்ன்பக்கிளை முறுக்கி முறுக்கி வீணைக் கம்பி போல ஆக்கிவிடுவார்கள். நடுவில் ஆள் விழும்போது வடம் 5 பாகைதான் கீழே வளையும் என்றால், 600 கிலோ இழுப்பு ஒவ்வொரு முனையிலும் 3 டன்னைத் தாண்டும். 15 பாகை வளைந்தால் 1,200 கிலோவுக்குள் அடங்கும். அதற்காகத் தொங்கவிடவும் முடியாது, தொங்குகிற அளவும் விழும் தூரத்தில் சேரும். இந்த இரண்டுக்கும் நடுவில் அளவைத் தீர்மானிப்பது பொறியாளர் வேலை. குத்துமதிப்பாகச் செய்யக் கூடாத ஒரே கட்டு இது என்று சொல்வேன். வடத்தின் முனையை மடித்துப் புல்டாக் கிளிப் போடும்போது அடிக்கட்டை பாரம் தாங்கும் நீள வடத்தின் பக்கமும், யு வளைவு குட்டை வாலின் பக்கமும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் வளைவு வடத்தை நசுக்கி, பலத்தைத் தின்றுவிடும்.

எது எதைத் தாங்குகிறது என்று கேட்க ஒரு பழைய உதாரணம் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் கட்டும்போது, தலைமைப் பொறியாளர் ஜோசஃப் ஸ்ட்ராஸ் பாலத்தளத்துக்கு அடியில் வலை கட்டினார். அது 19 பேரைப் பிடித்து உயிரோடு திருப்பிக் கொடுத்தது. 1937 பிப்ரவரி 17 அன்று பல டன் எடையுள்ள சாரம் ஒன்று பிடி விட்டு அதே வலைமேல் விழுந்தது. வலை கிழிந்தது, பத்துப் பேர் இறந்தார்கள். வலைமேல் பழி போட எனக்கு மனம் வருவதில்லை. ஆட்கள் விழுந்தால் பிடிக்கக் கட்டிய வலை அது, ஆட்களைப் பிடித்தது. சாரத்தை எது பிடித்துக்கொண்டிருந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஆகவே நான் கேட்பதெல்லாம் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் நடக்க வேண்டிய காரியம். வரைபடம் கையில் வந்ததும், ஆள் எந்த வரிசையில் எங்கே நிற்பான், கை எங்கே எட்டும் என்று பென்சிலால் குறிப்போம். அங்கங்கே தூணில், கொக்கி மாட்டத் துளையுள்ள காதுத்தகடு பட்டறையிலேயே வெல்டு ஆகி, சோதித்து, பெயின்ட் அடித்து வர வேண்டும். உயரத்தில் தொங்கிக்கொண்டு அவசரமாகப் போட்ட வெல்டில் உயிரைக் கட்ட நான் யாரையும் விடுவதில்லை. அமெரிக்காவில் 2001இல் வெளியான இரும்புக் கட்டட விதிகள் இதே வழியில் போகின்றன: பல மாடிக் கட்டடத்தின் ஓரத் தூண்கள் தளத்துக்கு மேல் சுமார் 1.2 மீட்டர் நீண்டிருக்கட்டும், ஓரக் கம்பிவடம் கோக்கத் துளைகள் அதில் முன்னாலேயே இருக்கட்டும் என்கின்றன. 2025 வரை நடப்பிலிருந்த நம் தொழிற்சாலைகள் சட்டம், 1948, உயரத்திலிருந்து விழ வாய்ப்புள்ள இடத்தில் வேலியோ வேறு ஏற்பாடோ இயன்றவரை வேண்டும் என்று 32ஆம் பிரிவில் சொன்னது. அந்த ஏற்பாட்டுக்குத் தூணில் ஒரு துளை போதும். பட்டறையில் அது சில நிமிட வேலை.

காதுத்தகடு வைக்க வழியில்லாத பீமில் பீம் கிளாம்ப் போடுவோம், அல்லது ஸ்லிங் சுற்றுவோம். வெல்டிங் நடக்கும் இடத்தில் துணி ஸ்லிங் கூடாது. ஒரு பொறி விழுந்து உருகியது மேலே நிற்பவனுக்குத் தெரியவே தெரியாது. ஃப்ளாஞ்சின் கூர் விளிம்பும் துணியை அறுக்கும்.

எங்கள் பக்கம் இன்னொரு எதிரி உப்புக்காற்று. விடியலில் ஏறினால் பீமின் மேல் முகம் பிசுபிசுவென்று இருக்கும், ஷூ வழுக்கும். ஆங்கரின் பெயின்ட் பளபளப்பாகவே இருக்க, வெல்டு ஓரத்தில் அதற்கு அடியில் துரு ஓடியிருக்கும். கம்பிவடம் வெளியே நன்றாக இருந்து உள் இழைகளில் பொடியாகியிருக்கும். அதனால் சுத்தியலால் தட்டிப் பார்ப்போம். வடத்தை முனைக்குப் பக்கத்தில் லேசாகத் திருகிப் பிரித்து உள்ளே பார்ப்போம். விழுந்த ஆளை ஒருமுறை தாங்கிய ஆங்கரையும் ஹார்னஸையும் உடனே கழற்றி ஒதுக்கிவிடுவோம். அப்சார்பரின் தையல் சற்றே பிரிந்திருந்தாலும் அப்படித்தான். தொங்குகிறவனை எப்படி இறக்குவது என்பதும் ஏறுமுன்னே முடிவாக வேண்டும். அசையாமல் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். தீயணைப்பு வண்டி வரும்வரை அவனால் காத்திருக்க முடியாது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபின் பாண்டியிலும் கடலூரிலும் எத்தனையோ கூரைகள் தகடில்லாமல் நின்றன. பழைய ஷெட்களின் மேலே ஏறியபோது மாட்ட ஓர் இடமில்லை. கட்டி முடித்ததும் பார்க்க நன்றாயில்லை என்று காதுத்தகடுகளை அறுத்துப் போடுவதுதான் வழக்கம். இப்போது முதலாளிகளிடம் முதல் நாளே பேசிவிடுகிறேன். நாளைக்குக் கூரையில் சோலார் பலகை வைக்க ஆள் வருவான், அடுத்த புயலுக்குப் பின் தகடு மாற்ற ஆள் வருவான், அவனுக்கும் இது வேண்டும், விட்டுவையுங்கள் என்று. பெரும்பாலானோர் சம்மதிக்கிறார்கள். அந்த ஆங்கர்களை மஞ்சள் பெயின்டில் அடையாளமிட்டு, வரைபடத்தின் ஒரு பிரதியை ஷெட் ஆஃபீஸில் கொடுத்துவிட்டு, வருடத்துக்கு ஒருமுறை யாராவது ஏறிப் பார்த்து, பார்த்த தேதியை ஆங்கருக்குப் பக்கத்திலேயே எழுதிவைக்கச் சொல்லிவிட்டு வருகிறோம்.