சக்கரத்துக்கும் குளிரடிக்கும்!

கேஸ் அடுப்பின் ரப்பர் குழாயில் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது யார்? நாம்தான். குக்கர் கேஸ்கட் தளர்ந்துவிட்டால் மாற்றுவது யார்? அதுவும் நாம்தான். ஆனால் கார் டயரில் காற்று என்று வந்துவிட்டால் மட்டும், "அதெல்லாம் அவர் பார்த்துப்பார்" என்று ஒதுங்கிக்கொள்கிறோம்! நம்ம ஊரில் அதனால் மோசமில்லை. தெருமுனை பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்தினால், கடைப் பையனே குனிந்து காற்று அடித்துவிடுவான்.

நான் குடித்தனம் செய்வது கனடாவில், டொரோன்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில். இங்கே பெட்ரோல் போட்டுக்கொள்வதும் நாமே, காற்று அடித்துக்கொள்வதும் நாமே. என் கணவருக்கு இரவு ஷிஃப்ட். காலையில் குழந்தைகள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்தில் விடுவது என் பொறுப்பு. பனி கொட்டிக் கிடக்கிற ரோட்டில், பின் சீட்டில் இரண்டு பிஞ்சுகளை உட்கார வைத்து ஓட்டுகிறவளுக்கு, சக்கரம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் இருக்கலாமா, சொல்லுங்கள்!

எனக்கு இந்தப் பாடத்தைச் சொல்லித் தந்தவர் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா. குளிர் தொடங்கினால் போதும், "பிள்ளை, டயருக்குக் காத்துப் பாத்தாச்சே?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்துவிடும்.

குளிருக்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஒரு சின்ன சோதனை செய்து பாருங்களேன். காலி பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை இறுக மூடி, அரை மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்துப் பார்த்தால் பக்கமெல்லாம் உள்ளே ஒடுங்கியிருக்கும். உள்ளே இருந்த காற்று துளிகூட வெளியே போகவில்லை. குளிரில் சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால் அவர்களுக்கும் ஒரு விஞ்ஞானப் பாடம்!

டயர் அந்த மாதிரி ஒடுங்காது. ஆனால் உள்ளே அழுத்தம் குறைந்துவிடும். குளிர் ஐந்தாறு டிகிரி செல்சியஸ் கூடினால், அழுத்தம் சுமார் 1 பாயின்ட் இறங்கும் என்பது கணக்கு. பி.எஸ்.ஐ. என்பதைத்தான் நம்ம ஊர் கடைகளில் பாயின்ட் என்கிறார்கள்.

ஒரு டிசம்பர் தொடக்கத்தில், வெளியே 5 டிகிரி இருந்த நாளில், நான்கு சக்கரத்திலும் 33 வைத்திருந்தேன். ஜனவரியில் ஒரு காலை மைனஸ் 20. காற்றுமானியை வைத்துப் பார்த்தால் மூன்றில் 28, ஒன்றில் 27! ஆணியும் குத்தவில்லை, ஓட்டையும் இல்லை. எல்லாம் குளிர் செய்த வேலை. அதோடு, நல்ல டயரிலும் மாதத்துக்கு 1 பாயின்ட் போலத் தானாகவே குறையும்.

"அதுக்குத்தான் வண்டியில விளக்கு இருக்கே!" என்பீர்கள். குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு, நடுவே ஆச்சரியக்குறி, பார்த்திருப்பீர்கள். அது சாதாரணமாக, சொன்ன அளவில் கால் பங்கு குறைந்த பிறகுதான் எரியும். 33 வேண்டிய டயர் 25-க்குக் கீழே போனால்தான் அதற்குக் கண் திறக்கும்! அன்று காலையிலும் அது எரியவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்த பிறகு ஓடி வருகிற மாதிரிதான் அந்த விளக்கு. நாம் அதற்கு முன்பே பக்கத்தில் நிற்க வேண்டாமா?

காற்று குறைந்தால் என்ன ஆகும்? பிரேக் போட்டால் வண்டி தள்ளிப்போய் நிற்கலாம். திருப்பங்களில் சொன்ன பேச்சு கேட்காது. டயரின் இரண்டு ஓரங்களும் சீக்கிரம் தேயும். பெட்ரோல் செலவும் கூடும். பனி ரோட்டில் முதல் இரண்டுமே போதும், வயிற்றில் புளியைக் கரைக்க!

இனி, செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

1. எவ்வளவு காற்று? டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், கதவு நிலையில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள அளவுதான் சரி. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் வேறு வேறாக இருக்கலாம். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது, அது தாங்கக்கூடிய அதிகபட்ச அளவு. அதைப் பார்த்து அடித்துவிடாதீர்கள்.

2. எப்போது பார்ப்பது? வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு. ஓடி வந்த டயர் சூடேறி, இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். காலையில் கிளம்புவதற்கு முன்பு பார்ப்பதே உத்தமம்.

3. வண்டியை வைக்கும் கராஜ் கதகதப்பாக இருந்தால், வெளியே உள்ள குளிரை யோசித்து, ஐந்தாறு டிகிரி வித்தியாசத்துக்கு 1 பாயின்ட் வீதம் கூட்டி அடியுங்கள்.

4. காற்று வால்வின் குட்டி மூடியைத் தொலைத்துவிடாதீர்கள். ரோட்டில் தூவும் உப்பும் ஈரமும் உள்ளே போகாமல் காப்பது அதுதான்.

5. ஸ்டெப்னியை மறக்க வேண்டாம். ஒல்லியான ஸ்டெப்னி என்றால், பெரும்பாலும் அதற்கு 60 பாயின்ட் வேண்டும்.

"பனியில் காற்றைக் குறைத்தால் நல்ல பிடிப்பு கிடைக்கும்" என்று சிலர் யோசனை சொல்வார்கள். சாதாரண ரோட்டுக்கு அது ஒத்துவராது. பனிக்கால டயர் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. அதன் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழேயும் இறுகாமல் இருக்கும், உண்மைதான். ஆனால் அதற்குள்ளேயும் இருப்பது அதே காற்றுதானே! மாதம் ஒரு தடவையும், திடீரென்று குளிர் இறங்கும்போது ஒரு தடவையும் பார்த்தாக வேண்டும். பழகிவிட்டால் நான்கு சக்கரத்துக்கும் ஐந்து நிமிஷம் போதும். தோசைக்கல் காய்கிற நேரம்!

வெளிநாட்டில் மகளைக் கட்டிக்கொடுத்திருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பருப்புப்பொடியும் ஆவக்காயும் கட்டி அனுப்புகிறீர்கள் அல்லவா? அந்தப் பெட்டியின் ஓரத்தில், பேனா அளவு காற்றுமானி ஒன்றையும் சொருகி வையுங்கள். மாப்பிள்ளை கேட்டால், "அது என் பொண்ணுக்கு!" என்று சொல்லுங்கள்.