கீழே இருப்பவர்களிடம்

நேற்று பெரிய வெள்ளி. நாளை உயிர்த்தெழுந்த திருநாள். ஒவ்வோராண்டும் இந்நாட்களில் ஆய்வுத்துறை நண்பர் எவரேனும் என்னிடம் ஒரு வினாவை எழுப்புவதுண்டு: சொற்களின் வரலாற்றையும் சமயங்களின் அரசியலையும் பயின்ற நீ இன்னும் கிறித்தவத்தை எவ்வாறு நம்புகிறாய்? சிரித்து விலகிவிடுவதே என் வழக்கம். இம்முறை விடைகூற முயல்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தேன். என் முன்னோர் வட ஆர்க்காட்டிலிருந்து கோலார் தங்க வயலுக்குச் சுரங்கக் கூலிகளாக வந்தவர்கள். 1880களுக்குப் பின் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த தமிழர் பல்லாயிரவர் அவ்வாறு வந்தனர். அவர்களுள் சிலருக்குத் திருச்சபை எழுத்தையும் பெயரையும் தந்தது. என் நம்பிக்கை சமூக வரலாற்றின் விளைவு என்று எவரேனும் கூறினால் மறுக்கமாட்டேன். ஆனால் அதே லைன் வீடுகளில் அயோத்திதாசப் பண்டிதரின் வழியில் பௌத்தம் தழுவிய குடும்பங்களும் வாழ்ந்தன; மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இயங்கியது. ஊர் ஒன்று, உழைப்பு ஒன்று, பட்ட இழிவும் ஒன்று. கண்ட விடைகள் வேறு. ஒரு நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதை வரலாறு விளக்கும். அது மெய்யா என்பதை அவ்விளக்கம் மட்டும் தீர்மானிக்காது. வேர்ச்சொல்லைக் கொண்டு ஒரு சொல்லின் இன்றைய பொருளை முடிவுசெய்யலாகாது என்பது எங்கள் துறையின் தொடக்கப் பாடங்களுள் ஒன்று.

என் தாத்தா முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலத்தடியில் உழைத்தவர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் கொண்டது. அழுத்தம் தாளாமல் பாறை வெடிக்கும்போது மேலே வீடுகளில் பாத்திரங்கள் அதிரும். அதை எங்கள் ஊரார் ‘ஏர் பிளாஸ்ட்’ என்பர். அதிர்வை உணர்ந்ததும் ஷாஃப்டை நோக்கி ஓடிய நாட்களை ஆயா சொல்லிக் கேட்டிருக்கிறேன். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டபோது நான் பள்ளிக்குச் செல்லாத குழந்தை. நான் அறிந்த தாத்தா, சயனைடு மலையைப் பார்த்தபடி வாசலில் அமர்ந்து இருமிக்கொண்டிருந்த முதியவர்தாம். கல்தூசி அவருடைய நுரையீரலில் தங்கிவிட்டிருந்தது.

நான் முதுகலை இரண்டாம் ஆண்டு பயின்றபோது அவர் இறந்தார். சபையார் ஜெபித்தனர், நானும் ஜெபித்தேன். அவர் நலம்பெறவில்லை. அடக்க ஆராதனையில் எல்லோரும் விசுவாசப் பிரமாணத்தை ஓதியபோது நான் வாய்திறவாமல் நின்றேன். அதன்பின் ஏறத்தாழ இரண்டாண்டுகள் ஆலயத்திற்குச் செல்லவில்லை.

என்னைத் திரும்ப அழைத்தது, நான் ஓத மறுத்த அதே பிரமாணத்தின் ஒரு தொடர். கிறித்து பாதாளத்துக்கு இறங்கியதாக அது அறிக்கையிடுகிறது. மொழிபெயர்ப்பு பற்றிய ஒரு கட்டுரைக்காக அத்தொடரின் வரலாற்றைத் தேடினேன். நைசீயப் பிரமாணத்தில் அது இல்லை. கி.பி. 400ஐ ஒட்டி எழுதிய ரூஃபினுஸ், தம் ஊராகிய அக்குயிலேயாவின் பிரமாணத்தில் அது உண்டு என்றும் உரோமைப் பிரமாணத்தில் இல்லை என்றும் குறிப்பிடுகிறார். இலத்தீனில் அத்தொடருக்கு இரு வடிவங்கள் உள்ளன. ‘இன்ஃபெர்னா’ என்றால் கீழுள்ள இடங்கள். ‘இன்ஃபெரோஸ்’ என்றால் கீழே இருப்பவர்கள், அதாவது இறந்தோர். முன்னது இடத்தைச் சுட்டுகிறது. பின்னது ஆட்களைச் சுட்டுகிறது. தமிழ்ப் பிரமாணத்தில் நாம் ஓதுவது இடத்தின் பெயர். கீழே இருக்கும் ஆட்களிடம் அவர் இறங்கினார் என்று அதுவரை நான் கேட்டதில்லை. அன்று நூலகத்தில் நெடுநேரம் அமர்ந்திருந்தேன்.

பாதாளமும் சுரங்கமும் ஒன்றல்ல என்பதை அறிவேன். ஆயினும் ஷாஃப்டின் வாயில் நின்று, இறங்கியோர் எத்தனை பேர், ஏறியோர் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருக்கும் கடவுளை என்னால் நம்ப இயலாது. கேஜில் ஏறிக் கீழே இறங்கியவரை நம்ப இயலும்.

இது வெறும் விருப்பம் அன்றோ என்று நீங்கள் வினவலாம். நானும் வினவினேன். மாற்கு சுவிசேஷம் கிரேக்கத்தில் எழுதப்பட்டது. எனினும் கடவுள் தம்மை ஏன் கைவிட்டார் என்று இயேசு சிலுவையில் எழுப்பிய குரலை அது அரமேயத்திலேயே தந்து, பிறகே பெயர்த்துரைக்கிறது. அது 22ஆம் சங்கீதத்தின் தொடக்கம் ஆகையால் எழுதியவரே அதை அவர் வாயில் வைத்திருக்கலாம் என்பாரும் உளர். ஆனால் தலைவரைப் போற்ற எழுதுவோர், அடிமைகளுக்குரிய தண்டனையில் அவர் கதறிய கதறலை அவர்தம் தாய்மொழியிலேயே காத்துவைப்பானேன்? கேட்டவர்களால் மறக்க இயலவில்லை என்பதே எனக்குப் பொருத்தமான விடையாகத் தோன்றுகிறது. சுரங்கத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசிய என் தாத்தா, கடைசி இரவுகளில் தமிழன்றி வேறொன்றும் பேசவில்லை.

வெறுங்கல்லறையை முதலில் கண்டவர்கள் பெண்கள் என்று நான்கு சுவிசேஷங்களும் கூறுகின்றன. பெண்களின் சாட்சியத்துக்கு மதிப்புக் குறைந்திருந்த காலம் அது. ஏறத்தாழ கி.பி. 55இல் கொரிந்தியருக்கு எழுதிய பவுல், உயிர்த்தெழுதலைத் தாம் பெற்று ஒப்புவித்த மரபாகவே குறிப்பிடுகிறார். இவை எதையும் மெய்ப்பித்துவிடா. ஆனால் நம்புவது அறிவுக்கு இழுக்கு என்னும் கூற்றை ஏற்கவும் என்னால் இயலவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. தாத்தாவால் படுக்க இயலாத இரவுகளில் சபை மூப்பர் ஒருவர் வந்து அவர் முதுகைத் தாங்கிப் பிடித்திருப்பார். அவரும் முன்னாள் சுரங்கத் தொழிலாளி. அவருக்கும் அதே இருமல். எதிர்வீட்டுப் பௌத்தப் பெரியவரும் முறைவைத்து வருவார். அன்பு எங்கள் சபைக்கு மட்டும் உரியதன்று. கடவுள் ஏன் இவ்வாறு செய்கிறார் என்று ஒருநாள் மூப்பரிடம் கேட்டேன். அவர் விளக்கம் ஏதும் தரவில்லை. “கூட இறங்குனவன் மேல வர்ற வரைக்கும் கூடவே இருக்கணும்பா” என்றார்.

ஜெபம் ஏன் கேட்கப்படவில்லை என்பதற்கு இன்றும் என்னிடம் விடை இல்லை. திருச்சபைக்குள் சாதி இருப்பதையும் நான் மறைக்கவில்லை. ஐயங்களோடுதான் நம்புகிறேன். நாளை விடியற்கால ஆராதனையில் ஆயாவின் அருகில் நின்று பிரமாணத்தை ஓதுவேன், அந்தத் தொடரையும் விடாமல்.