ஒரே பெஞ்சில் இரண்டு துறை

கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகளையும் சர்வதேச உறவுகள் படிக்கும் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்து நான் ஒரு விருப்பப்பாடம் நடத்துகிறேன். முதுகலை இரண்டாம் ஆண்டுக்கு. பாடத்திட்டக் குழுவில் இதை முன்வைத்த அன்று பாதி நேரம் பாடக் குறியீட்டிலேயே கழிந்தது. எந்தத் துறையின் எழுத்து முன்னால் வரும், ஆய்வக நேரம் உண்டா, உண்டென்றால் அரசியல் படித்த பிள்ளைகளுக்கு ஆய்வகத்தில் என்ன வேலை? கடைசிக் கேள்வி நியாயமானதுதான்.

சர்வதேச உறவுகள் தனித் துறையாக முளைத்தது 1919இல், முதல் உலகப் போர் முடிந்த கையோடு, வேல்ஸ் நாட்டின் அபரிஸ்ட்வித்தில். கணினி அறிவியலுக்கு அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் தனித் துறை தொடங்கியது 1962இல். ஒரே வளாகத்தில் இருந்தும் இரண்டும் நெடுநாள் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. எம்.ஐ.டி.யில் அரசியல் அறிஞர் நஸ்லி சுக்ரியும், எண்பதுகளில் இணைய நெறிமுறைகளின் தலைமை வடிவமைப்பாளராக இருந்த டேவிட் கிளார்க்கும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வேலை செய்து 2018இல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். அங்கே அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். மற்ற இடங்களில் வழக்கமாக நடப்பது வேறு: ஒரு வாரம் நெட்வொர்க் வல்லுநர், அடுத்த வாரம் ஓய்வுபெற்ற தூதர், நடுவில் தேநீர். எனக்கு அந்த முறையில் நம்பிக்கை இல்லை. தன் துறைக்காரர் பேசும்போது குறிப்பெடுக்கும் பிள்ளை, மற்றவர் பேசும்போது கதை கேட்கிறது.

இரண்டு தரப்பும் ஒரே மாதிரிதான் தடுக்கி விழுகின்றன. கணினிப் பிள்ளைகளுக்குச் சட்டம் என்றால் தெளிவாக எழுதிவைத்த விதி. உள்ளீடு கொடுத்தால் தீர்ப்பு வரும். உறவுகள் பிள்ளைகளுக்குக் கணினி என்றால் சொன்னதைச் செய்யும் இயந்திரம்; ஏதாவது நடந்தால் ஏதோ ஓர் அரசு அதை நினைத்துச் செய்திருக்க வேண்டும். தன் துறையில் எவ்வளவு ஓட்டை உடைசல் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். அடுத்த துறை மட்டும் கெட்டித் தரை என்று நம்புகிறார்கள். ஆகவே இருவரும் சேர்ந்து வரிவரியாகப் படித்தால் மட்டுமே விளங்குகிற தாள்களைத் தேடிப்பிடிப்பதுதான் இந்த வகுப்பில் என் முதல் வேலை.

நான் முதலில் எடுப்பது 2008 பிப்ரவரி 24. யூடியூபை நாட்டுக்குள் முடக்கும்படி பாகிஸ்தான் தொலைத்தொடர்பு ஆணையம் உத்தரவிட்டது. யூடியூப் தன் முகவரிகளை 208.65.152.0/22 என்று உலகுக்கு அறிவித்து வைத்திருந்தது. மொத்தம் 1,024 முகவரிகள். பாகிஸ்தான் டெலிகாம் அதற்குள் 256 முகவரி கொண்ட ஒரு துண்டை, 208.65.153.0/24ஐ, தன்னிடம் இருப்பதாக அறிவித்தது. ஒரே முகவரிக்கு இரண்டு அறிவிப்பு வந்தால் ரூட்டர் எது குறுகலோ அதைத்தான் எடுத்துக்கொள்ளும். நாட்டு எல்லையோடு நிற்க வேண்டிய அறிவிப்பு ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ நிறுவனத்துக்குப் போனது. அது சரிபார்க்காமல் மேலே கடத்தியது. கிரீன்விச் நேரம் 18:47. உலகின் பெரும்பகுதியில் யூடியூப் காணாமல் போனது.

ஆய்வகத்தில் துறைக்கு ஒருவராக இருவர் இருவராக உட்காரவைக்கிறேன். அன்றைய அறிவிப்புகள் நேரவாரியாகத் தாளில் இருக்கும். உறவுகள் படிக்கும் பிள்ளைதான் 22க்கும் 24க்கும் உள்ள வித்தியாசத்தை இரும எண்ணில் எழுதிப்பார்க்க வேண்டும். கணினிப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். 20:07க்கு யூடியூப் தானும் அதே /24ஐ அறிவிக்கிறது. நிலைமை பாதிதான் சீராகிறது. 20:18க்கு அதை இரண்டு /25ஆக உடைத்து அறிவிக்கிறது. இன்னும் குறுகல் என்பதால் ரூட்டர்கள் திரும்பிப் பார்க்கின்றன. 21:01க்கு பிசிசிடபிள்யூ அந்த வழித்தடத்தையே விலக்கிக்கொள்கிறது. இந்த வரிசையைக் கையால் போட்டுப் பார்த்த ஒரு பெண் நிமிர்ந்து கேட்டாள்: "சார், அப்போ யாரும் யார்கிட்டயும் அனுமதி கேக்கவே இல்லையா?"

"கேக்கறதுக்கு ஆள் கிடையாதும்மா."

பக்கத்துப் பையன், "கான்ஃபிக் தப்பு சார், அவ்வளவுதான்" என்றான். அதை அவ்வளவு லேசில் விடுவதில்லை. ஓர் அரசு தன் எல்லைக்குள் தன் அதிகாரத்தில் போட்ட உத்தரவு அது. தப்பு உத்தரவிலா, அதை நிறைவேற்றிய விதத்திலா, ஹாங்காங்கிலா? யூடியூப் யாரிடம் புகார் கொடுத்திருக்க வேண்டும்? எந்த ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின் கீழ்? அன்றைக்கு இது நிறுவனங்களின் பொறியாளர்களுக்குள்ளேயே தீர்ந்துபோனது. தூதரகம் எதுவும் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை என்பதே உறவுகள் பிள்ளைகளுக்குப் பெரிய அதிர்ச்சி.

அடுத்த வகுப்பில் கணினிப் பிள்ளைகள் தீர்வோடு வருவார்கள். முகவரித் தொகுதிகளுக்கு மின்சான்று கொடுத்து, சான்றோடு பொருந்தாத அறிவிப்பை ரூட்டரே தள்ளிவிடச் செய்யும் ஆர்பிகேஐ முறை இப்போது இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அந்தச் சான்றுகளின் வேர் ஐந்து வட்டாரப் பதிவகங்களில் இருக்கிறது. நம் வட்டாரத்துக்கான பதிவகம் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில். ஐரோப்பாவுக்கானது ஆம்ஸ்டர்டாமில், டச்சுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. 2011 நவம்பரில் ஒரு குற்ற விசாரணைக்காக நான்கு முகவரித் தொகுதிகளின் பதிவைப் பூட்டச் சொல்லி டச்சுப் போலீஸ் அந்தப் பதிவகத்துக்கு உத்தரவிட்டது. முதலில் பணிந்த பதிவகம், உத்தரவுக்குச் சட்ட அடிப்படை போதாது என்று பூட்டைத் திறந்துவிட்டு நீதிமன்றத்துக்குப் போனது. இதைச் சொன்னதும் வகுப்பில் இடம் மாறிவிடும். அதுவரை எழுதிக்கொண்டிருந்த உறவுகள் பிள்ளைகள் பேச ஆரம்பிப்பார்கள்.

எல்லோரும் கேட்பது ஈரானின் அணுசக்தி நிலையத்தைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட் நிரலை. ஒரு வகுப்போடு முடித்துவிடுவேன். கதை நன்றாக இருக்கிறது. ஆனால் உத்தரவு போட்ட பக்கத்துத் தாள் எதுவும் நம் கையில் இல்லை. நிரலை மட்டும் வைத்துக்கொண்டு அரசியலை ஊகிப்பது இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே வருகிற வித்தை. அதை நான் வேறு பழக்க வேண்டியதில்லை.

அதற்குப் பதிலாக வாசனார் ஏற்பாட்டுக்கு நேரம் கொடுக்கிறேன். ஆயுதமும் ஆயுதத்துக்கு உதவும் தொழில்நுட்பமும் ஏற்றுமதியாவதைக் கட்டுப்படுத்த 1996இல் உருவான ஏற்பாடு அது. 2013 டிசம்பரில் ஊடுருவல் மென்பொருளை உருவாக்கவும் இயக்கவும் உதவும் கருவிகளும் பட்டியலில் சேர்ந்தன. கண்காணிப்புக் கருவிக்குத் தப்புவது அல்லது பாதுகாப்பை முறியடிப்பது, கூடவே தரவை எடுப்பது அல்லது நிரல் வழக்கமாக ஓடும் பாதையை மாற்றுவது என்று அந்த மென்பொருளுக்கான வரையறை போகும். அந்தப் பத்தியை உறவுகள் பிள்ளை உரக்க வாசிக்க, கணினிப் பிள்ளை ஒவ்வொரு சொல்லுக்கும் பொருந்துகிற அன்றாடக் கருவிகளைப் பட்டியலிட வேண்டும். பட்டியல் நீண்டுகொண்டே போகும். மென்பொருளில் ஓட்டை கண்டுபிடித்தவர் அதை இன்னொரு நாட்டு நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்தால் அதுவும் ஏற்றுமதியா? இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் 2015இல் அமெரிக்கா முன்வைத்த வரைவு விதியைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2017 டிசம்பரில் ஓட்டையைத் தெரிவிப்பதற்கும் தாக்குதலின்போது உதவுவதற்கும் விலக்கு எழுதப்பட்டது. இந்தியா இந்த ஏற்பாட்டில் சேர்ந்ததும் அதே மாதம்தான். எனவே இது பிறத்தியார் வீட்டுச் சட்டம் என்று பிள்ளைகள் நழுவ முடியாது.

இதில் எனக்குப் பிடித்த பயிற்சி ஒன்று உண்டு. விலக்குப் பிரிவை மறைத்துவிட்டு, இருவர் இருவராக அவர்களையே எழுதச் சொல்வேன். கணினிப் பிள்ளை எழுதினால் வேண்டாதது எல்லாம் வெளியே தப்பிவிடும். உறவுகள் பிள்ளை எழுதினால் வேண்டியதும் மாட்டிக்கொள்ளும். ஒரு வாக்கியத்துக்கு ஒன்றரை மணி நேரம் சண்டை போடுவார்கள். அந்தச் சத்தத்தில் நான் பெரும்பாலும் ஜன்னலோரம்தான் நிற்பேன்.

மதிப்பெண்தான் தகராறு. ஒரு விடைத்தாளுக்கு ஒரு பதிவெண் என்பது விதி. ஆகவே இருவர் சேர்ந்து எழுதியது உள்மதிப்பீட்டுக்குள்தான் அடங்குகிறது. பருவத் தேர்வில் தனித்தனியே எழுதும்போது பாதிப் பேர் தங்கள் துறைப் பத்திக்கு ஓடிப் பதுங்குகிறார்கள்: அறிவிப்பு வரிசையைப் பிசகில்லாமல் போட்டவன் பாகிஸ்தான் ஆணையத்தின் பெயரையே எழுதுவதில்லை, ஆணையத்தின் அதிகாரத்தை இரண்டு பக்கம் விளக்கியவள் /24 பக்கமே போவதில்லை. இரண்டுக்கும் பாதி மதிப்பெண்தான் போடுகிறேன். மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கிறார்கள்; கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது.