புடோக்கானில் எழுந்த கூச்சல்

டோக்கியோ



'சீப் ட்ரிக் அட் புடோக்கான்' இசைத்தட்டில் முதலில் கேட்பது ரசிகர்களின் கூச்சல்தான். பதின்ம வயதுப் பெண்பிள்ளைகளின் குரல் அதில் ஓங்கி நிற்கிறது. கிட்டார் அதற்குப் பிறகுதான் நுழைகிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டு நகரிலிருந்து வந்த சீப் ட்ரிக் என்னும் நால்வர் ராக் குழு, டோக்கியோவின் புடோக்கான் அரங்கத்தில் 1978 ஏப்ரல் 28, 30 ஆகிய இரு நாட்களில் நடத்திய கச்சேரிகளின் பதிவு அது.

அந்த அரங்கத்துக்கு குடான்ஷிதா ரயில் நிலையத்தில் இறங்க வேண்டும். எதிரே மேடான சாலை. சற்று ஏறி இடப்பக்கம் திரும்பினால் அகழி. அதைக் கடந்தால் தயாசு வாசல். பழைய எடோ கோட்டையில் எஞ்சியிருக்கும் இந்த வாசல் 1636-இல் கட்டியது. கனத்த மரக்கதவுகளைத் தாண்டியதும் மரங்களுக்கு மேலே எண்கோணக் கூரை தெரிகிறது. நாரா நகருக்கு அருகே ஹோரியூஜி கோயிலில் உள்ள 'கனவு மண்டப'த்தை மனத்தில் வைத்துக் கட்டடக் கலைஞர் மமோரு யமாடா வடிவமைத்தது. உச்சியில் பொன்னிறக் குமிழ் ஒன்று. அதற்கு ஊரார் வைத்த பெயர் 'பெரிய வெங்காயம்'. அந்தப் பெயரில் ஜப்பானியப் பாட்டே இருக்கிறது.

புடோக்கான் என்றால் தற்காப்புக் கலைகளின் கூடம். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸின் ஜூடோ போட்டிகளுக்காக எழுப்பியது. அங்கேதான் நெதர்லாந்தின் ஆன்டன் ஹேசிங்க், ஜப்பானின் அகியோ கமினாகாவைத் திறந்த எடைப் பிரிவில் வீழ்த்தினார். அரங்கமே வாயடைத்துப் போனது. 1966-இல் பீட்டில்ஸ் குழு இங்கே ஐந்து கச்சேரிகள் செய்தபோது, வீரக்கலைக் கூடத்தில் மேலைநாட்டு ஆட்டம்பாட்டமா என்று தேசியவாதிகள் கொதித்தார்கள். பலத்த போலீஸ் காவலோடுதான் அவை நடந்தன. அதன்பிறகு ராக் இசைக்குக் கதவு திறந்துகொண்டது. டீப் பர்ப்பிள் குழு 1972-இல் வந்தது. பாப் டிலன் சீப் ட்ரிக்குக்கு இரண்டு மாதங்களுக்கு முன் வந்தார்.

இந்த வரிசையில் சீப் ட்ரிக் எப்படிச் சேர்ந்தது என்பது வியப்பான கதை. 1978 நடுப்பகுதிக்குள் மூன்று இசைத்தட்டுகள் வெளியிட்டிருந்தும் சொந்த நாட்டில் அவர்களுக்குப் பெரிய பெயர் இல்லை. மற்றக் குழுக்களின் கச்சேரிக்கு முன்னால் பாடுவதே பெரும்பாலும் பிழைப்பு. ஜப்பானிலோ அவர்களுடைய பாட்டு ஏற்கெனவே முதலிடம் தொட்டிருந்தது. இசைப் பத்திரிகைகள் அவர்கள் படங்களை அள்ளிப் போட்டன. பாடகர் ராபின் சாண்டரும் பேஸ் கிட்டார் டாம் பீட்டர்சனும் அழகர்கள். பேஸ்பால் தொப்பி அணிந்த கிட்டார் ரிக் நீல்சனும், மூக்குக் கண்ணாடியோடு அலுவலகக் குமாஸ்தாபோல் தெரியும் டிரம்ஸ் பன் ஈ. கார்லோசும் விந்தையான தோற்றத்தவர். இந்தச் சேர்க்கை ஜப்பானிய இளசுகளை ஆட்கொண்டது. விமான நிலையத்திலேயே கூட்டம் மொய்த்தது.

இந்த ரசிகர்களின் பங்கை ஒரே பாட்டில் தெளிவாகக் கேட்கலாம்: 'ஐ வான்ட் யூ டு வான்ட் மி'. 1977-இல் 'இன் கலர்' தட்டில் அது பழைய கேளிக்கை மன்றத்துப் பியானோவோடு, மென்மையாக, சற்று மெதுவாக வந்தது; அமெரிக்காவில் எடுபடவில்லை. மேடையில் பியானோ போய்விட்டது, தாளம் விரைந்தது, கிட்டார் முன்னுக்கு வந்தது. அதைவிடப் பெரிய மாற்றம் கீழேயிருந்து வந்தது. சாண்டர் வரியை முடிக்கும் இடத்தில் கடைசிச் சொல்லைக் கூட்டம் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப எதிரொலிக்கிறது. நம் பஜனையில் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடுவதுபோல அது அமைந்துவிட்டது. யாரும் சொல்லித்தந்து வந்ததாகத் தோன்றவில்லை. ஸ்டுடியோவில் எத்தனை முறை பாடியிருந்தாலும் இது கிடைத்திருக்காது.

கச்சேரிப் பதிவில் மேடை ஒலிவாங்கிகள் தவிர, கூட்டத்தை நோக்கியும் ஒலிவாங்கிகள் வைப்பார்கள். பிறகு கலவை செய்யும்போது அவற்றை எவ்வளவு ஏற்றுவது என்பது செய்பவரின் முடிவு. இந்தத் தட்டில் தாராளமாகவே ஏற்றியிருக்கிறார்கள். அது சரியான முடிவு. அந்தக் கீச்சுக்குரல்களைக் குறைத்தால் பாட்டுகள் பாதியாகிவிடும்.

தட்டு 1978 அக்டோபரில் ஜப்பானுக்கு மட்டும் என்றே வெளிவந்தது. அமெரிக்க வானொலிகள் அதை எடுத்து ஒலிபரப்பின. ரசிகர்கள் கூடுதல் விலை கொடுத்து இறக்குமதிப் பிரதிகளை வாங்கினார்கள். வேறு வழியின்றி இசைத்தட்டு நிறுவனம் 1979 பிப்ரவரியில் அங்கேயும் வெளியிட்டது. பில்போர்டு பட்டியலில் அது 4-ஆம் இடம்வரை போனது. 'ஐ வான்ட் யூ டு வான்ட் மி' 7-ஆம் இடத்தைத் தொட்டது. விற்பனை அமெரிக்காவில் மட்டும் 30 லட்சத்தைத் தாண்டியது. தயாராகியிருந்த அடுத்த தட்டான 'ட்ரீம் போலீஸ்' இதற்காகவே செப்டம்பர்வரை காத்திருந்தது.

முதல் தட்டில் பத்துப் பாட்டுகளுக்கே இடம் இருந்தது. விடுபட்டவற்றில் பல 1994-இல் இரண்டாம் பாகமாக வந்தன. 1998-இல் இரண்டையும் சேர்த்து, மேடையில் பாடிய வரிசையிலேயே, முழுக் கச்சேரியாக வெளியிட்டார்கள். புதிதாகக் கேட்பவர் அந்தப் பதிப்பையே தேடலாம். பாட்டுக்குப் பாட்டு கூட்டம் சூடேறுவது அதில்தான் நன்றாகக் கேட்கிறது.