நிற்க ஓர் இடம்

கணினிதான் மனிதருக்கு இணங்கி நடக்க வேண்டும் என்று வாதாடியவர் ஜெஃப் ராஸ்கின். 1979இல் ஆப்பிளில் மேக்கின்டோஷ் திட்டத்தைத் தொடங்கியவர். அவர் மகன் அஸா ராஸ்கின் 2006இல் வடிவமைத்ததுதான் 'இன்ஃபினிட் ஸ்க்ரோல்'. விரலால் தள்ளத் தள்ள, பக்கம் முடியாமல் வந்துகொண்டே இருக்கும்.

அடுத்த பக்கத்துக்குப் போகப் பொத்தானை அழுத்தும் சிரமத்தைக் குறைக்கத்தான் அதைச் செய்தார். ஆனால் அந்தப் பொத்தான் இருந்த இடத்தில்தான் நாம் ஒரு நொடி நின்று, 'போதுமா?' என்று யோசித்தோம். அந்த நொடி பறிபோனது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது. அஸாவே பின்னாளில் வெளிப்படையாக வருந்தினார்.

2018இல் இன்ஸ்டாகிராம், புதிய பதிவுகளை எல்லாம் பார்த்தாயிற்று என்று சொல்லும் அறிவிப்பை வைத்தது. நல்ல தொடக்கம், ஆனால் போதாது.

செயலி வடிவமைக்கும் தம்பி தங்கைகளே, பக்கத்துக்கு ஒரு முடிவு வையுங்கள்.