கடல் தண்ணீரும் தங்கமீனும்

மயிலாடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் காதில் விழுவது உளிச் சத்தம்தான். பாதி செதுக்கிய கருங்கல் பிள்ளையார்கள் ரோட்டோரம் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அக்கா வீடு அந்தப் பக்கம்தான்.

போன தடவை வாசலிலேயே அக்கா மகன் அழுதுகொண்டு நின்றான். தொட்டியில் நாலு தங்கமீன்களும் மல்லாந்து கிடந்தன.

"கன்னியாரில இருந்து கேன்ல கடல்தண்ணி கொண்டாந்து ஊத்துனேன் மாமா. மீனுக்குக் கடல்னா பிடிக்கும்லா?"

நான் பி.காம். தெரிந்த பாஷையில் சொன்னேன். கடலில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. தங்கமீன் உடம்பில் அதில் கால்வாசிதான். அதனால் உடம்புத் தண்ணீரெல்லாம் செவுள் வழியாக வெளியே போய்விடும். வரவில்லாத செலவு! சுற்றிலும் தண்ணீர் இருந்தும் மீன் வறண்டு சாகும்.

மறுநாள் மணக்குடிக்குக் கூட்டிப் போனேன். பழையாறு கடலில் சேருகிற காயல். அங்கே கரிமீனைக் காட்டினேன்.

"இதுக்கு ரெண்டு தண்ணியும் ஒத்துக்கும் மக்கா. மோலியும் அப்படித்தான். நாள் கணக்கா உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிப் பழக்கினா கடல்தண்ணியிலயும் பிழைக்கும். தங்கமீனுக்கு முடியாது."

பயல் யோசித்தான். "மெட்ராஸ்ல நீங்க மோலியா, தங்கமீனா மாமா?"

பத்து வருஷமாகிறது. இன்னும் பதில் தெரியவில்லை.