கேட்பதற்கு ஒரு காரணம்

புற்றுநோயாளருக்கு உதவுவதுதான் நோக்கமென்றால் காசை நேரே கொடுத்துவிடலாமே, நடைபவனியும் ரி-சேர்ட்டும் பதாகையும் எதற்கு என்று ஏற்பாட்டாளர்களான எங்களைப் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நடைபவனியில் சேரும் காசில் பெரும்பகுதி நடப்பவர்களுடையதல்ல, நடக்காதவர்களுடையது. சும்மா போய்க் காசு கேட்கக் கூசுகிற ஒருவர், 'இவ்வளவு தூரம் நடக்கப்போகிறேன், நீங்கள் என்ன தருவீர்கள்?' என்று அயலவரிடமும் கூட வேலை செய்பவரிடமும் கூசாமல் கேட்பார். நேர்த்திக்கு மடிப்பிச்சை எடுப்பவருக்கு வரும் துணிவு அது. ஆகவே நடக்கிற அந்தக் காலைப்பொழுதைவிட, அதற்கு முந்திய வாரங்களில் எத்தனை பேரைக் கேட்க வைத்தோம் என்பதில்தான் எங்கள் வேலையின் தரம் இருக்கிறது.

கேட்பவருக்கு நாங்கள் கொடுத்தனுப்பும் சொல் தெளிவாக இருக்கவேண்டும். எலும்புப் புற்றுநோயால் வலக்காலை இழந்த ரெறி பொக்ஸ், 1980 ஏப்ரலில் செயற்கைக் காலுடன் கனடாவைக் குறுக்கே ஓடிக் கடக்கப் புறப்பட்டார். நோய் நுரையீரலுக்குப் பரவி அவரை நிறுத்தியபோது 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடியிருந்தார். ஆளுக்கு ஒரு டொலர் என்பதே அவர் கேட்டது. ஏறத்தாழ 2.4 கோடிப் பேர் வாழ்ந்த நாட்டில், 1981 பெப்ரவரியில் நிதி 2.4 கோடி டொலரைத் தாண்டியது. இலங்கையில் 2011 ஜூலையில் நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவேயும் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்களில் சுமார் 670 கிலோமீற்றர் நடந்தபோது, தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை வேண்டும் என்றே கேட்டார்கள். சிகிச்சைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து மஹரகமவுக்குப் போய்வரும் பாடு தெரிந்தவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்த வைத்தியசாலை இன்று அங்கே இயங்குகிறது. 'புற்றுநோயை ஒழிப்போம்' என்று மட்டும் எழுதிய பதாகையைக் காட்டி யாரிடமும் ஒரு தொகையைக் கேட்க முடியாது.

இது அரசாங்கத்தின் கடமை, மக்களிடம் ஏன் கையேந்த வேண்டும் என்பாரும் உண்டு. கடமைதான். வைத்தியரின் சம்பளத்தையும் மருந்தையும் ஆண்டுக்காண்டு நடைபவனி நடத்திக் கொடுத்துவிட முடியாது. எங்களால் தாங்கக்கூடியது ஒருமுறைச் செலவு: கட்டடம், கருவி. அதிலும், கருவியை இயக்க ஆள் உண்டா, பழுதானால் திருத்துவது யார் செலவு என்று வைத்தியசாலையிடம் கேட்டு உறுதிசெய்யாமல் நிதி திரட்டக்கூடாது. சிறிய ஊர்க் கூட்டங்களுக்கு வேறொரு நல்ல வேலை இருக்கிறது. இலவச சிகிச்சை கிடைத்தாலும் பஸ் காசு, கூட நிற்பவரின் சாப்பாடு, தங்குமிடம், இழந்த நாட்கூலி எல்லாம் குடும்பத்தின் தலையில்தான் விழுகின்றன. பாதியில் சிகிச்சையை விடச்செய்வதும் பல வேளை இந்தச் செலவுதான்.

காசு வேண்டும் என்பதற்காக நோயாளியை மேடையேற்றி அழவைப்பதை நான் ஏற்கமாட்டேன். அது அதிகம் வசூலிக்கும் என்று வாதிடுவார்கள்; வசூலிக்கலாம். ஆனால் நோயை இன்னும் வெளியே சொல்லத் தயங்கும் குடும்பங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. உதவி பெறக் கண்ணீர்தான் விலை என்று கண்டால், மிகத் தேவைப்படுபவர்களே ஒதுங்கிப்போவார்கள். குணமானவர் தாமாக விரும்பிப் பேசுவது வேறு விஷயம்.

அடுத்தமுறை யாராவது பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு உங்கள் வாசலுக்கு வந்தால், எதற்கு, எவ்வளவு, கணக்கறிக்கை எப்போது வரும் என்று மூன்றையும் கேளுங்கள். சரியான பதில் கிடைத்தால் தாராளமாகக் கொடுங்கள்.